60 நாளில் 1,500 பவுண்டு: பகுதி நேரச் சம்பளத்தில் வங்கி மாற்றும் போனஸ் கிடைக்குமா?

ஈஸ்ட்ஹாம் மலர்:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் ஒரு கேர் ஹோமில் பகுதி நேர வேலை பார்க்கிறேன். மணிக்கு 12.21 பவுண்டு, வாரம் 25 மணி நேரம், நாலு வாரத்துக்கு ஒரு தடவை சம்பளம். வரி, நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் போகக் கையில் 1,100 சொச்சம் நிற்கும்.

நடப்புக் கணக்கை எங்களிடம் மாற்றிக்கொண்டால் 175 பவுண்டு தருகிறோம் என்று ஒரு வங்கி சொல்கிறது. பழைய கணக்கை முழுசாக மாற்ற வேண்டும், இரண்டு டைரக்ட் டெபிட் (கம்பெனியே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் பில்) ஓட வேண்டும், 60 நாளுக்குள் 1,500 பவுண்டு உள்ளே வர வேண்டும். கடைசி நிபந்தனைதான் உதைக்கிறது. என் சம்பளம் 1,500-ஐத் தொடாது. வீட்டுக்காரர் சம்பளம் அவர் கணக்குக்குப் போகிறது. அவர் எனக்கு அனுப்பினால் அது என் வருமானம் ஆகுமா? அப்படிச் செய்வது தப்பா? பின்னால் வங்கி கேட்டால் என்ன பதில் சொல்வது?

கேஸ், கரண்ட், கவுன்சில் டாக்ஸ் எல்லாம் அவர் பெயரில்தான் போகிறது. என் பெயரில் இருப்பது மொபைல் பில் ஒன்றுதான். 175 பவுண்டு எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஹாரோவாசி:

தங்கச்சி, அந்த நிபந்தனையை ஆறுதலாக இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். "மாதச் சம்பளம் 1,500" என்றா இருக்கிறது, "60 நாளுக்குள் 1,500 பவுண்ஸ் கணக்குக்குள் வர வேண்டும்" என்றா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான். அப்படியென்றால் யாருடைய காசும் தேவையில்லை, உங்கள் சம்பளமே போதும். 28 நாளுக்கு ஒரு முறை சம்பளம் என்றால் 60 நாளுக்குள் குறைந்தது இரண்டு சம்பளம் விழும். இரண்டும் சேர்ந்து 2,200.

ஆனால் அந்த 60 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதைப் பாருங்கள். சில இடத்தில் கணக்குத் திறந்த நாள், சில இடத்தில் மாற்றச் சொல்லிக் கேட்ட நாள், சில இடத்தில் மாற்றம் முடிந்த நாள். மாற்றத்துக்கு 7 வேலை நாள் எடுக்கும். நடுவில் ஒரு வங்கி விடுமுறை வந்தால் கிட்டத்தட்ட இரண்டு கிழமை ஓடிவிடும். அதற்குள் வரும் சம்பளம் பழைய கணக்கில் விழுந்து, மிச்சக் காசோடு சேர்ந்துதான் புதுக் கணக்குக்கு வரும். அப்படி வரும் மிச்சத்தைச் சில வங்கிகள் அந்த 1,500-இல் சேர்ப்பதில்லை. அதனால் மாற்றும் தேதியைச் சம்பளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக வையுங்கள். தேதியைத் தெரிவு செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. புதுக் கணக்கின் சோர்ட் கோடும் (வங்கிக் கிளையின் எண்) கணக்கு இலக்கமும் வந்த உடனேயே வேலையிடத்துச் சம்பளப் பிரிவுக்கும் கொடுத்துவிடுங்கள்.

வங்கிகள் ஏன் இப்படி நிபந்தனை போடுகின்றன என்று கேட்பீர்கள். 2013 செப்டம்பரில் இந்தக் கணக்கு மாற்றும் சேவை தொடங்கியது. அதற்கு முன் கணக்கு மாற்றுவதென்றால் பெரிய தலையிடி, ஒவ்வொரு பில்லுக்கும் ஒவ்வொரு கடிதம். இப்போது பழைய கணக்கை மூடுவது, மிச்சக் காசு, டைரக்ட் டெபிட், ஸ்டாண்டிங் ஓர்டர் (நாங்களே நாள் குறித்து அனுப்பச் சொல்லும் காசு) எல்லாவற்றையும் அவர்களே நகர்த்தி விடுகிறார்கள். பழைய இலக்கத்துக்குத் தவறி வரும் காசையும் குறைந்தது 3 வருசத்துக்குப் புதுக் கணக்குக்குத் திருப்பி விடுகிறார்கள். மாறுவது சுலபமானதும் வங்கிகளுக்குள் போட்டி வந்தது. போனஸை வாங்கிக்கொண்டு கணக்கைத் தூங்க விடுகிறவர் அவர்களுக்கு வேண்டாம். சம்பளமும் பில்லும் ஓடும் கணக்குத்தான் வேண்டும். பின்னால் வீட்டுக்கடன், கிரெடிட் கார்ட் விற்பது அந்த ஆட்களிடம்தானே.

ரெடிங் பிரபு:

ஹாரோ அண்ணன் சொன்னது சரி. இதில் மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும் அக்கா: எவ்வளவு, எப்போதைக்குள், எங்கிருந்து.

"எவ்வளவு" என்பதில் ஒரே தடவையாக வர வேண்டுமா, சேர்த்து எண்ணுவார்களா என்று பாருங்கள். சேர்த்து எண்ணுவதுதான் அதிகம். 500 பவுண்டு மூன்று தடவை வந்தாலும் 1,500 தான். உள்ளே வந்த பணம் அங்கேயே கிடக்க வேண்டும் என்றும் பெரும்பாலும் கேட்பதில்லை. காலையில் வந்து மதியம் வாடகைக்குப் போய்விட்டாலும் வந்தது வந்ததுதான்.

"எப்போதைக்குள்" என்பதில் மாதாமாதம் கேட்கும் கணக்குகளிடம் கவனம். இது போனஸுக்கு வைக்கும் நிபந்தனையிலிருந்து வேறு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நேஷன்வைடு ஃப்ளெக்ஸ்டைரக்ட் கணக்கில் அறிவிக்கும் வட்டி வேண்டுமென்றால் மாதம் 1,000 பவுண்டு வர வேண்டும். பார்க்லேஸ் வங்கியின் ப்ளூ ரிவார்ட்ஸ் சலுகைக்கு 800. க்ளப் லாய்ட்ஸ் கணக்கில் மாதம் 2,000 வந்தால்தான் மாதக் கட்டணம் இல்லை. இங்கேதான் 1-ஆம் தேதி சம்பளக்காரர்கள் மாட்டுவார்கள். 1-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆபீஸில் முந்தின வெள்ளிக்கிழமையே போட்டுவிடுவார்கள். அப்போது போன மாதத்தில் இரண்டு சம்பளம், இந்த மாதத்தில் ஒன்றுமே இல்லை என்று கணக்கு காட்டும். வருசச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அந்த மாதம் தவறியது தவறியதுதான்.

"எங்கிருந்து" என்பதுதான் பலரும் பார்க்காமல் விடுவது. அதே வங்கியில் இருக்கும் வேறு கணக்கிலிருந்து வரும் பணத்தை நிறைய வங்கிகள் எண்ணுவதில்லை. உங்கள் கணக்காக இருந்தாலும் சரி, வேறொருவர் கணக்காக இருந்தாலும் சரி. வெளி வங்கியிலிருந்து வந்தால் பிரச்சினை இல்லை. உங்கள் வீட்டுக்காரர் எந்த வங்கி என்று முதலில் பாருங்கள்.

மாதாமாதம் நிபந்தனையை நிறைவேற்ற நான் செய்வது எளிது. வெளி வங்கிக் கணக்கு ஒன்றிலிருந்து மாதம் 3-ஆம் தேதி தேவையான தொகை வருகிற மாதிரி ஒரு ஸ்டாண்டிங் ஆர்டர், 5-ஆம் தேதி அது திரும்பிப் போகிற மாதிரி இன்னொன்று. மாத முதலிலேயே வைத்துவிட்டால், ஏதாவது தடங்கல் வந்தாலும் சரிசெய்ய நாள் இருக்கும். 30-ஆம் தேதி வைத்தால் வார இறுதியில் மாட்டி அடுத்த மாதத்துக்குத் தாவிவிடும்.

க்ராய்டன் வாத்தியார்:

நண்பர்களே, ஒன்று கேட்கிறேன். வருமானம் இல்லாத ஒருவர் பணத்தை இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்குச் சுற்றவிட்டு வருமானம் இருப்பதுபோல் காட்டுவது நேர்மையா? நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா?

ஹாரோவாசி:

வாத்தியார், நல்ல கேள்வி. இங்கே இரண்டு இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கணக்குத் திறக்கும்போது விண்ணப்பத்தில் "உங்கள் வருட வருமானம் எவ்வளவு, என்ன வேலை" என்று கேட்பார்கள். அங்கே உண்மையைத் தவிர வேறொன்றும் எழுதக் கூடாது. மலர் தங்கச்சி தன்னுடைய சம்பளத்தைத்தான் எழுத வேண்டும். புருசனுடையதைக் கூட்டியோ, வரப்போகிற ஓவர்டைமை நினைத்தோ எழுதக் கூடாது. பொய்யான தகவல் கொடுத்து நன்மை அடைவது 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின்படி குற்றம். மோசடி விவரங்களை வங்கிகள் பகிர்ந்துகொள்ளும் சிஃபாஸ் அமைப்பில் வங்கி ஒரு குறி போட்டுவிட்டால் அது 6 வருசத்துக்கு நிற்கும். வேறு வங்கியில் கணக்குத் திறப்பதே பாடாகிவிடும்.

"இவ்வளவு தொகை உள்ளே வர வேண்டும்" என்பது வேறு. அங்கே அவர்கள் வருமானத்தைக் கேட்கவில்லை. எதை எண்ணுவோம், எதை எண்ணமாட்டோம் என்று வங்கியே எழுதி வைத்திருக்கிறது. தன் சேமிப்பை வேறு வங்கியிலிருந்து கொண்டுவந்தால் எண்ணுவோம் என்று அவர்களே சொல்லும்போது, அதைச் செய்வதில் மறைப்பு எங்கே இருக்கிறது? சம்பளமாகவே வர வேண்டும் என்று விரும்பும் வங்கி அதை அப்படியே எழுதும். அப்படி எழுதியிருந்தால் சம்பளம்தான் வர வேண்டும், வேறு வழி தேடக் கூடாது.

க்ராய்டன் வாத்தியார்:

பிரித்துச் சொன்னதற்கு நன்றி. விண்ணப்பத்தில் உண்மை, பிறகு நிபந்தனையில் உள்ளபடி என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கும் இளம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சுற்றவிடுவது உங்கள் சொந்தப் பணமாக மட்டும் இருக்கட்டும். "உன் கணக்கில் 2,000 போடுகிறேன், 1,900 திருப்பி அனுப்பு, உனக்கு போனஸும் கிடைக்கும்" என்று கல்லூரியில் எவனாவது வந்து சொன்னால் அது குற்றத்தில் வந்த பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கடத்தும் வேலை. அப்படி மாட்டி, படிப்பு முடியும் முன்பே கணக்கு மூடப்பட்ட மாணவரை எனக்குத் தெரியும்.

டூட்டிங் ரதி:

வாத்தியார் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேணும். எங்கடை ஆட்கள் சீட்டுப் பிடிக்கிறவை. மாதம் 20 பேரிடமிருந்து 200, 300 என்று ஒருவருடைய கணக்குக்கு வந்து, அடுத்த நாளே 5,000 மொத்தமாக வெளியே போகும். புதுசாகத் திறந்த கணக்கில் இதைச் செய்யாதீங்கோ. 1,500 நிரம்பிவிடும் என்பது உண்மை. ஆனால் முன்பின் தெரியாத இருபது பெயரில் காசு வருவதைப் பார்த்தால், எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கத்தான் செய்யும். பதில் சொல்லி முடியும் வரை கணக்கை முடக்கியும் வைக்கலாம். சீட்டுக்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது, எதைக் காட்டுவது? என் ஒன்றுவிட்ட அக்காவுக்கு இது நடந்தது. வீட்டு வாடகை கட்டும் கிழமையில் காசை எடுக்க முடியாமல் அந்த மனிசி பட்ட பாடு கொஞ்சமில்லை.

ரெடிங் பிரபு:

டைரக்ட் டெபிட் விசயத்துக்கு வருகிறேன், அதை யாரும் சொல்லவில்லை. ஸ்டாண்டிங் ஆர்டர் டைரக்ட் டெபிட் ஆகாது. நீங்கள் அனுப்பச் சொல்வது ஸ்டாண்டிங் ஆர்டர், கம்பெனி வந்து எடுத்துக்கொள்வது டைரக்ட் டெபிட். நெட்ஃப்ளிக்ஸ், ஜிம் மாதிரி கார்டு நம்பரைக் கொடுத்து மாதாமாதம் போவது இரண்டிலும் சேராது. அது இந்தச் சேவையில் தானாக மாறவும் மாறாது. பழைய கார்டு செத்ததும் அதுவும் நின்றுவிடும். நீங்களே போய்ப் புதுக் கார்டைக் கொடுக்க வேண்டும்.

மலர் அக்காவுக்கு மொபைல் ஒன்று இருக்கிறது. இன்னொன்றுக்குத் தண்ணீர் பில்லையோ டிவி லைசென்ஸையோ உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். கவுன்சில் டாக்ஸ் பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும் பணம் உங்கள் கணக்கிலிருந்து போக ஏற்பாடு செய்ய முடியும், கவுன்சிலிடம் சொன்னால் போதும். ஏதாவது தர்ம காரியத்துக்கு மாதம் 2, 3 பவுண்டு டைரக்ட் டெபிட் வைப்பவர்களும் உண்டு. எந்த வகை செல்லும் என்று நிபந்தனையில் குறிப்பிட்டிருந்தால் அதன்படி போங்கள்.

முக்கியமானது இது: சில வங்கிகள் "மாற்றத்தோடு சேர்ந்து வரும் இரண்டு டைரக்ட் டெபிட்" என்று கேட்கும். அப்படியானால் மாற்றுவதற்கு முன்பே பழைய கணக்கில் அவை இருக்க வேண்டும். வைத்தால் மட்டும் போதாது, ஒரு தடவையாவது பணம் எடுத்திருந்தால்தான் சில இடத்தில் நடப்பில் உள்ளதாக எடுத்துக்கொள்வார்கள்.

லெஸ்டர் கணேஷ்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் போன வருசம் திருச்சியிலிருந்து மனைவியை இங்கே கூட்டிவர விசாவுக்குப் போட்டேன். கணக்கு மாற்றும் எண்ணம் உள்ளவர்களில் யாருக்காவது ஸ்பவுஸ் விசா திட்டம் இருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

2024 ஏப்ரல் 11-லிருந்து புதிதாகப் போடுபவர்களுக்கு வருட வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும், முன்பு 18,600. ஒரே முதலாளியிடம் 6 மாதத்துக்கு மேல் வேலை என்றால் 6 மாதப் பே ஸ்லிப்பும், அதே சம்பளம் வங்கியில் விழுந்ததைக் காட்டும் 6 மாத ஸ்டேட்மெண்ட்டும் கேட்பார்கள். ஸ்லிப்பில் இருக்கும் தொகை ஸ்டேட்மெண்ட்டில் அப்படியே தெரிய வேண்டும். நடுவில் கணக்கு மாற்றினால் மூன்று மாதம் ஒரு வங்கியில், மூன்று மாதம் இன்னொரு வங்கியில் நிற்கும். அதனால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது. ஆனால் கணக்கு மூடியதும் பழைய ஆப் திறக்காது. ஸ்டேட்மெண்ட் வேண்டுமென்றால் போன் போட்டு, தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். மாற்றும் முன்பே குறைந்தது ஒரு வருட ஸ்டேட்மெண்ட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பிரபு சொன்ன மாதிரி சுற்றி வரும் பணம் அந்த 29,000-இல் ஒரு பென்னி கூடச் சேராது. அங்கே கேட்பது உண்மையான வருமானம். நான் அந்த ஆறு மாதத்தில் சம்பளக் கணக்கைத் தொடாமல், வேறொரு வங்கியில் இரண்டாவது கணக்கு திறந்து அதை மட்டும் போனஸுக்கு மாற்றினேன். சம்பளக் கணக்கைத்தான் மாற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

ஈஸ்ட்ஹாம் மலர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பிரபு தம்பி சொன்னதும் வீட்டுக்காரர் கணக்கைப் பார்த்தேன். நான் மாறப்போகும் அதே வங்கியில்தான் அவர் கணக்கும் இருக்கிறது! நிபந்தனையைத் தேடிப் படித்தால், எங்கள் வங்கியில் உள்ள எந்தக் கணக்கிலிருந்து வரும் பணமும் சேராது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அவர் 1,500 அனுப்பியிருந்தால் அத்தனையும் வீண். நல்லவேளை, இங்கே கேட்டேன்.

60 நாள் மாற்றம் கேட்ட நாளிலிருந்து ஓடுகிறது. ஹாரோ அண்ணா சொன்ன மாதிரி சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாற்றும் தேதியை வைக்கப்போகிறேன். அப்படி வைத்தால் இரண்டு சம்பளம் உள்ளே வந்த பிறகும் நாள் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் பில்லை என் கணக்குக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது வேறொரு சந்தேகம். என் பழைய கணக்கில் அப்பா பெயர் முதலிலும் என் பெயர் பின்னாலும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் தலைகீழ். இதனால் மாற்றம் நின்றுபோகுமா?

டூட்டிங் ரதி:

நிற்கலாம், அக்கா. இரண்டு வங்கியிலும் இருக்கும் பெயரும் முகவரியும் பொருந்த வேணும். எங்கடை பெயர்களுக்கு இதுதான் வில்லங்கம். ஒரு இடத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக நிற்கும், இன்னொரு இடத்தில் முதற்பெயராக நிற்கும், மூன்றாவது இடத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பழைய வங்கிக் கிளைக்குப் போய், அதில் உள்ளபடி பெயரைத் திருத்தச் சொல்லுங்கோ. திருத்தியது ஸ்டேட்மெண்ட்டில் வந்த பிறகு மாற்றத்தைத் தொடங்குங்கோ. முகவரியையும் பாருங்கோ, பிளாட் இலக்கம் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போயிருக்கும்.

ஹாரோவாசி:

ரதி சொன்னதுதான் முதல் வேலை. சலுகைக்கு முடிவு தேதி போட்டிருந்தாலும் அதற்கு முன்பே நிறுத்திவிட முடியும், அதனால் பெயரைத் திருத்த நாளைக்கே போங்கள். நிபந்தனைப் பக்கத்தை இன்றைக்கே பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள், பின்னால் ஏதாவது பேச்சு வந்தால் அதுதான் ஆதாரம்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா? இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், இங்கே குடியிருக்க அனுமதி உள்ளவர்கள் பதிந்துகொள்ளலாம். புதுக் கணக்குக்கு வங்கி உங்கள் கடன் வரலாற்றைப் பார்க்கும்போது அது உதவும். வீட்டுக்கடனுக்கு இப்போதைக்கு யோசனை இருந்தால் மட்டும் அது முடியும் வரை பொறுங்கள், அந்த நேரத்தில் புதுக் கணக்கு வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் மலர்:

வீட்டுக்கடன் இப்போதைக்கு இல்லை அண்ணா. பட்டியலில் பெயர் இருக்கிறது. இந்த 175-க்கு வரி கட்ட வேண்டுமா? அப்புறம், எங்கள் கணக்கை இருவர் பெயரிலும் மாற்றிக்கொள்ளலாமா?

ரெடிங் பிரபு:

மாற்றுவதற்காக ஒரே ஒரு தடவை தரும் தொகைக்கு வரி பொதுவாக இல்லை. கணக்கில் வரும் வட்டி வேறு, அடிப்படை வரி விகிதத்தில் இருப்பவருக்கு வருடம் 1,000 பவுண்டு வட்டி வரை வரி கிடையாது.

தனிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றலாம், கூட்டுக் கணக்கைத் தனிக் கணக்காக இந்தச் சேவையில் மாற்ற முடியாது. ஆனால் இப்போது கூட்டாக்க வேண்டாம் அக்கா. கூட்டுக் கணக்குக்கு ஒரு போனஸ்தான். அதோடு, ஏற்கெனவே அந்த வங்கியில் கணக்கு உள்ளவருக்கோ முன்பு போனஸ் வாங்கியவருக்கோ கிடையாது என்று சில இடத்தில் போட்டிருப்பார்கள். வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார் என்பதால் அவர் பெயர் சேர்ந்தால் உங்களுக்கும் போய்விடலாம். உங்கள் பெயரிலேயே தனியாக மாற்றுங்கள். அவர் வேண்டுமானால் வேறொரு வங்கியின் சலுகைக்குத் தன் கணக்கைத் தனியாக மாற்றிக்கொள்ளட்டும்.